சுவரில் மாட்டிய ஒப்பந்தம் வேலை தருமா?

பாம்பனிலிருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறார். கடிதம் கொஞ்சம் நீளம், சுருக்கித் தருகிறேன்.

"அக்கா, வணக்கம். அப்பா விசைப்படகில் பங்குக்குப் போகிறவர். தம்பிக்கு 20 வயது, டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்து ஒரு வருடம் ஆகிறது, அப்பாவோடு கடலுக்கும் போகிறான், வேலையும் தேடுகிறான். அவன் படித்த கல்லூரியில் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடும் ஒரு கம்பெனியோடும் ஒப்பந்தம் போட்டிருக்கிறோம், 1,20,000 ரூபாய் கட்டி ஒரு வருடப் பயிற்சியில் சேர்ந்தால் வெளிநாட்டு வேலை என்கிறார்கள். ராமநாதபுரத்தில் ஒரு ஏஜென்ட், 3,50,000 கொடுத்தால் சி.டி.சி. என்ற மாலுமிப் புத்தகம் எடுத்து ஆறு மாதத்தில் கப்பலில் ஏற்றிவிடுகிறேன் என்கிறார். அம்மா நகையை அடகு வைக்கலாம் என்கிறார். அரசு, கல்லூரி, கம்பெனி மூன்றும் சேர்ந்து உலகத்துக்கே ஆட்களை உருவாக்கப்போகிறோம் என்று கல்லூரி விழாவில் பேசினார்கள். அது எங்களை மாதிரி வீட்டுக்கு நிஜமாகவே ஏதாவது செய்யுமா, இல்லை போட்டோவுக்குத்தானா? நான் பி.எஸ்சி. நர்சிங் மூன்றாம் வருடம் படிக்கிறேன், என்னைப் பற்றி அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் தம்பிக்குச் சொல்லுங்கள்."

தங்கச்சி, அவசரமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டு பேருக்கும் இப்போது ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம். அட்வான்ஸ், டோக்கன், சீட் பிடித்துவைக்க என்று எந்தப் பெயரில் கேட்டாலும் வேண்டாம். நகை அம்மாவிடமே இருக்கட்டும்.

நான் ஏன் இவ்வளவு கடுமையாகச் சொல்கிறேன் என்றால், நான் வளைகுடாவுக்கு ஆள் எடுக்கும் அலுவலகத்தில் சில வருடம், அப்புறம் நம் மாவட்டத்திலேயே ஒரு கல்லூரியில் வேலைவாய்ப்பு அலுவலராகப் பல வருடம் இருந்தவள். அந்தக் கல்லூரியில் ஒரே வருடத்தில் ஒன்பது ஒப்பந்தம் போட்டோம். சால்வை, பூங்கொத்து, போட்டோ எல்லாம் நடந்தது. ஃபைல் என் மேசையில்தான் இருந்தது. ஒன்பதையும் உட்கார்ந்து படித்தேன். "இரு தரப்பும் இணைந்து செயல்பட முயலும்" என்று இருந்ததே தவிர, எத்தனை பேரை எடுப்போம், எப்போது எடுப்போம், என்ன சம்பளம், பயிற்சிச் செலவு யாருடையது என்று எதிலும் ஒரு வரி கிடையாது. அந்த ஒன்பதில் ஒன்றின் வழியாகக்கூட ஒரு பிள்ளையும் வெளிநாடு போகவில்லை. ஆனால் அடுத்த வருட அட்மிஷன் நோட்டீஸில் ஒன்பது பேருடைய முத்திரையும் வரிசையாக வந்தது. அதைப் பார்த்துச் சேர்த்த அம்மாக்கள் மூன்று வருடம் கழித்து என் மேசைக்கு எதிரில் வந்து உட்கார்ந்தபோது அவர்கள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

சரி, அப்படியானால் இந்த மூவர் கூட்டு என்பதே பொய்யா? இல்லை. நிஜமான கூட்டு இருக்கிறது, அதை எப்படி அடையாளம் காண்பது என்பதுதான் விஷயம். உங்கள் அப்பாவிடம் கேளுங்கள், அவருக்கு ஒரு நிமிடத்தில் புரியும். படகுக்காரர் படகையும் வலையையும் போடுகிறார், டீசலுக்கும் ஐஸுக்கும் முன்னால் பணம் போடுகிறார், ஆட்கள் உழைப்பைப் போடுகிறார்கள். கரைக்கு வந்ததும் செலவைக் கழித்துவிட்டு மிச்சத்தைப் பங்கு பிரிக்கிறார்கள். அன்றைக்குப் பாடு இல்லையென்றால் எல்லாருக்கும்தான் நஷ்டம். டீசல், ஐஸ், வலை எல்லாம் நீயே போடு, மீன் கிடைக்காவிட்டால் நஷ்டமும் உனக்கே, நான் கரையில் நின்று கை காட்டுகிறேன் என்று ஒருவர் சொன்னால் அப்பா அந்தப் படகில் ஏறுவாரா? உலக வேலைக்கு ஆள் தயார் செய்கிறோம் என்று யார் வந்தாலும் இதையே கேளுங்கள். அரசு என்ன போட்டது, கல்லூரி என்ன போட்டது, கம்பெனி என்ன போட்டது? பணம் முழுக்க உங்கள் வீட்டிலிருந்து மட்டும் போகிறது என்றால் அதற்குப் பெயர் கூட்டு இல்லை, வியாபாரம்.

நம் கரைக்கு இது புதிதும் இல்லை. மண்டபம் முகாம் என்று இன்றைக்கும் சொல்கிறோமே, அது ஒரு காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போன கூலி ஆட்களை நிறுத்திவைத்து, நோய் பார்த்து, பதிவு செய்து அனுப்பிய இடம். 1914-ல் பாம்பன் பாலம் திறந்த பிறகு ரயிலில் தனுஷ்கோடி, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார். அன்றைக்கும் அரசும் தோட்டக் கம்பெனிகளும் கைகோத்துத்தான் செய்தார்கள், நடுவில் ஆள் சேர்க்கும் கங்காணி கொடுத்த முன்பணம் ஊர் தாண்டும் முன்பே கடனாக ஏறியது. அந்தக் கூட்டில் பள்ளிக்கூடத்துக்கு மட்டும் இடம் இல்லை. கற்றுக்கொடுக்க ஒருவர் இல்லாமல் அதிகாரமும் முதலாளியும் மட்டும் சேர்ந்தால் போகிறவன் கூலியாகவே போவான், கூலியாகவே திரும்புவான். அதனால்தான் மூவரில் கல்வியின் பங்கைக் கல்லூரிகள் விளையாட்டாக எடுத்துக்கொள்ளும்போது எனக்குக் கோபம் வருகிறது.

அதே மண்டபத்தில் இன்னொரு விதமான கூட்டையும் பார்த்திருக்கிறோம். 1949 முதல் 1971 வரை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகம் அங்கேதான் இருந்தது, கொச்சிக்குப் போன பிறகும் மண்டல மையம் இருக்கிறது. கடல்பாசி வளர்ப்பு வந்த கதை உங்கள் பக்கத்துப் பெண்களுக்கே தெரியும். மண்டபத்திலுள்ள மத்திய அரசின் உப்பு, கடல்சார் ரசாயன ஆய்வு நிலையம் வளர்க்கும் முறையைக் கண்டுபிடித்துக் கொடுத்தது, கம்பெனி வளர்த்ததை வாங்கிக்கொள்கிறேன் என்று முன்கூட்டியே சொன்னது, வங்கி மகளிர் குழுக்களுக்குக் கடன் கொடுத்தது. வாங்குகிறவர் முதலிலேயே கையில் இருந்ததால் அது ஓடியது. பின்னால் கடல் சூடு ஏறிப் பாசி அழுகியபோது அந்தப் பெண்களின் வருமானம் நின்றதும் உண்மைதான், நஷ்டம் வந்தால் யார் தாங்குவது என்று முன்னாலேயே பேசியிருக்க வேண்டும். வேலைப் பயிற்சியிலும் இதே இரண்டு கேள்விதான்: வாங்குகிறவர் யார், வாங்காமல் போனால் யார் பொறுப்பு?

இப்போது கப்பல் வேலைக்கு வருகிறேன், உங்கள் வீட்டில் இதற்குத்தான் ஆசை அதிகம் என்று கடிதத்திலேயே தெரிகிறது. சொல்லப்போனால், உலகத் தொழிலாளரை மூவரும் சேர்ந்து உருவாக்குவது எப்படி என்பதற்கு வணிகக் கப்பலைப் போல நல்ல உதாரணம் கிடையாது. ஒரே கப்பலில் பிலிப்பைன்ஸ் ஆளும் உக்ரைன் ஆளும் நம் ஆளும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும், நடுக்கடலில் தீப்பிடித்தால் எல்லாரும் ஒரே மாதிரி நடந்துகொள்ள வேண்டும், அதற்காக 1978-ல் எஸ்.டி.சி.டபிள்யூ. என்று ஒரு சர்வதேச ஒப்பந்தம் போட்டு, 2010-ல் மணிலாவில் பெரிய அளவில் திருத்தினார்கள். என்ன கற்றுக்கொடுக்க வேண்டும் என்பது அதில் முடிவாகிவிட்டது. நம் நாட்டில் கப்பல் போக்குவரத்து இயக்குநரகம் பயிற்சி நிலையத்துக்கு அங்கீகாரம் கொடுக்கிறது, நிலையம் சொல்லிக்கொடுக்கிறது, கப்பல் கம்பெனி ஸ்பான்சர் செய்கிறது. அடிமட்டத்தில் சேரும் ஜி.பி. ரேட்டிங் படிப்பை எடுத்துக்கொண்டால், கடைசித் தேர்வைச் சொல்லிக்கொடுத்த நிலையம் வைப்பதில்லை, மாலுமிகளுக்கென்று இருக்கும் தனித் தேர்வு வாரியம் வைக்கிறது. இதைக் கவனியுங்கள் தங்கச்சி. சொல்லிக்கொடுப்பவர் ஒருவர், சோதிப்பவர் இன்னொருவர், வேலை கொடுப்பவர் மூன்றாமவர். மூன்றும் ஒரே ஆள் கையில் இருந்தால் சான்றிதழுக்கு மதிப்பு இருக்காது, மூன்றுக்கும் இடையில் கட்டு இல்லாவிட்டால் வேலை இருக்காது.

ஜெர்மனியில் பிளஸ் டூ வயதுப் பிள்ளைகள் தொழில் கற்பதும் இந்த மாதிரிதான். வாரத்தில் மூன்று நாலு நாள் கம்பெனியில் சம்பளத்தோடு வேலை, மிச்ச நாள் தொழிற்பள்ளி, தேர்வு வைப்பது அந்த ஊர்த் தொழில் வர்த்தக சபை. நிற்க.

ஏஜென்ட் சொல்லும் 3,50,000-க்கு என்ன தருகிறார் பாருங்கள். சி.டி.சி. என்பது மாலுமியின் அடையாளப் புத்தகம். அது இல்லாமல் கப்பலில் ஏற முடியாது என்பது சரி, ஆனால் அது இருப்பதால் மட்டும் யாரும் ஏற்றிக்கொள்ள மாட்டார்கள். தீயணைப்பு, உயிர்காப்பு மாதிரியான சில நாள் பாதுகாப்புப் பயிற்சிகளை முடிக்கவைத்து, ஒரு சி.டி.சி.யும் எடுத்துக் கொடுத்துவிட்டு, மும்பையில் ஒரு லாட்ஜில் மாதக்கணக்கில் காத்திருக்கவைக்கும் ஆட்கள் நிறைய. நம் பிள்ளைகள் அப்படிக் காத்திருந்து, ஊருக்குத் திரும்ப வெட்கப்பட்டு, அங்கேயே ஹோட்டலில் வேலைக்குச் சேர்ந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

மாலுமியை வேலைக்கு வைப்பதற்காக அவரிடமிருந்தே கட்டணம் வாங்கக்கூடாது என்று 2006-ஆம் வருடக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை சொல்கிறது, இந்தியா 2015-ல் அதை ஏற்றுக்கொண்டுவிட்டது. படிப்புக்குக் கட்டணம் உண்டு, அது பயிற்சி நிலையத்துக்கு, ரசீதோடு. வேலை வாங்கித்தரக் கட்டணம் கிடையாது. ஆள் எடுக்கும் நிறுவனத்துக்கு ஆர்.பி.எஸ்.எல். உரிமம் இருக்க வேண்டும், அந்த எண்ணைக் கப்பல் போக்குவரத்து இயக்குநரகத்தின் இணையதளத்தில் தம்பியே தேடிப் பார்க்கலாம். ஏஜென்டிடம் போய் மரியாதையாகக் கேளுங்கள்: "உங்கள் ஆர்.பி.எஸ்.எல். எண் என்ன?" அதற்கு அவர் கதை சொல்ல ஆரம்பித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

தம்பிக்கு நிஜமாகவே கப்பல் ஆசை என்றால் வழி இருக்கிறது. ஜி.பி. ரேட்டிங்குக்குப் பத்தாம் வகுப்பு போதும், ஆங்கிலத்தில் குறைந்தது 40 சதவீத மதிப்பெண், வயது பதினேழரையிலிருந்து 25-க்குள். ஆறு மாதம் தங்கிப் படிப்பது. டிப்ளமோ முடித்தவர்களுக்கு என்ஜின் அறைப் பக்கம் தனிப் பாதையும் உண்டு, அதிகச் செலவு, அதிகக் காலம், ஆனால் அதிகாரியாக உயரலாம். எதுவானாலும் பணம் கட்டுமுன் அங்கீகரிக்கப்பட்ட மருத்துவரிடம் கண் பரிசோதனை செய்துவிடுங்கள். நிறக்குருடு இருந்தால் கப்பல் தளத்து வேலை கிடையாது, படிப்பு முடித்த பிறகு இதைத் தெரிந்துகொண்டு அழுதவர்கள் இருக்கிறார்கள். இன்னொன்று, அப்பாவோடு கடலுக்குப் போன அனுபவம் கப்பல் கணக்கில் சேராது. அலைக்குத் தலை சுற்றாது, நீச்சல் தெரியும், என்ஜின் சத்தத்தை வைத்தே கோளாறு சொல்வான், இதெல்லாம் அவனுக்குப் பெரிய பலம், ஆனால் ஏட்டில் ஏறாது. இப்படிக் கடலில் வளர்ந்த பிள்ளைகளின் அனுபவத்துக்கு ஒரு சோதனை வைத்து மதிப்புக் கொடுக்க அரசும் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஒரு வழி செய்தால் என்ன என்று நான் வருடக்கணக்கில் கேட்டுக்கொண்டிருக்கிறேன், இனியும் கேட்பேன்.

வளைகுடா பற்றிக் கீழக்கரை, தொண்டி, தேவிபட்டினம் பக்கம் வீட்டுக்கு ஒருவர் சொல்லித்தருவார், அதனால் சுருக்கமாக. 1983-ஆம் வருடக் குடியேற்றச் சட்டப்படி வெளிநாட்டுக்கு ஆள் எடுக்கிறவர் பதிவு பெற்றிருக்க வேண்டும், 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் தவிர வாங்கக்கூடாது, மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பெயர் இருக்கும். தம்பி பத்தாம் வகுப்புக்கு மேல் படித்தவன், அதனால் அவன் பாஸ்போர்ட்டுக்குக் குடியேற்ற அனுமதி தேவைப்படாது. வசதிதான், ஆனால் அரசு பார்க்கும் ஒரு சோதனை அவனுக்கு இல்லை என்றும் அதற்கு அர்த்தம், ஆகவே வேலை ஒப்பந்தத்தை வீட்டில்தான் வரிவரியாகப் படிக்க வேண்டும். விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று யார் சொன்னாலும் போகக்கூடாது.

ஜப்பானும் இப்போது பேச்சில் அடிபடுகிறது. அங்கே ஆள் பற்றாக்குறைக்காக 2019-ல் குறிப்பிட்ட திறனாளர் விசா கொண்டுவந்தார்கள், 2021-ல் இந்தியாவோடு ஒப்பந்தமும் ஆனது. பட்டம் கேட்பதில்லை, மொழித் தேர்வும் தொழில் தேர்வும்தான். கப்பல் கட்டுதல், உற்பத்தி, மீன்பிடி எல்லாமே அந்தப் பட்டியலில் உண்டு. மெக்கானிக்கல் படித்த பாம்பன் பையனுக்குப் பொருந்தக்கூடியதுதான், ஆனால் தன் துறைக்கான தேர்வு இந்தியாவில் நடக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மொழி வகுப்பில் பணம் கட்ட வேண்டும்.

கல்லூரியின் 1,20,000 பயிற்சிக்குத் திரும்புகிறேன். தம்பி தனியாகப் போக வேண்டாம், நீங்களும் கூடப் போங்கள். சுவரில் மாட்டிய போட்டோவைக் காட்டி, இந்த ஒப்பந்தத்தின் நகலைப் படிக்கலாமா என்று கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை, பணம் கட்டப்போகிறவர் நீங்கள். அதில் ஆள் எடுக்கும் எண்ணிக்கை இருக்கிறதா, பாடத்தை எழுதியது யார், கம்பெனி தன் ஆட்களை அனுப்பி வகுப்பு எடுக்கிறதா, இல்லை கல்லூரி வாத்தியாரே பழைய பாடத்தைப் புதுப் பெயரில் நடத்துகிறாரா, தேர்வு யார் வைக்கிறார்கள், அந்தச் சான்றிதழை அந்த நாட்டில் எந்த அலுவலகம் ஒப்புக்கொள்ளும், இதையெல்லாம் கேட்கலாம். எல்லாவற்றுக்கும் மேல் போன வருடம் அதில் படித்தவர்களில் மூன்று பேரின் போன் நம்பர் கேளுங்கள். நல்ல கல்லூரி சந்தோஷமாகத் தரும். அப்புறம், கட்டணத்தில் பாதியை இப்போதும் மீதியை வேலை உத்தரவு வந்த பிறகும் வாங்கிக்கொள்வீர்களா என்று கேளுங்கள். கல்லூரியும் கம்பெனியும் உங்களோடு பங்கு போடத் தயாரா என்பது அந்த ஒரு கேள்வியில் தெரிந்துவிடும்.

அதுவரை தம்பி சும்மா இருக்க வேண்டாம். அரசு பாதி சுமக்கும் ஒரு ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. டிப்ளமோ முடித்தவர்களுக்கான மத்திய அரசின் தொழில் பழகுநர் பயிற்சியில், கம்பெனி கொடுக்கும் குறைந்தபட்ச உதவித்தொகையில் பாதியை அரசு திருப்பித் தருகிறது, பையனிடம் யாரும் பணம் கேட்பதில்லை. தரமணியிலுள்ள தென்மண்டல தொழில் பழகுநர் வாரியம் பார்த்துக்கொள்கிறது, இணையத்தில் பதியலாம். சென்னையிலோ ஓசூரிலோ ஒரு வருடம் நல்ல இயந்திரத்தில் கை வைத்தவனை எந்த நாடும் மதிக்கும், பயோடேட்டாவில் அந்த ஒரு வருடம் எந்த 1,20,000 சான்றிதழையும் விடக் கனமாக இருக்கும். 2022 மார்ச் 1-ல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தையும் மறக்க வேண்டாம். நிறுவனங்களின் பாடத்தைக் கல்லூரிப் பாடத்திட்டத்துக்குள்ளேயே இலவசமாகக் கொண்டுவந்தது நல்ல காரியம். ஆனால் பயிற்சி பெற்றவர் எண்ணிக்கையை மேடையில் படிப்பதோடு நிறுத்தாமல், ஆறு மாதம் கழித்து எத்தனை பேர் அதே வேலையில் இருக்கிறார்கள் என்பதை ஊர்வாரியாகச் சொல்லும்வரை நான் எந்த அரசையும் விடாமல் கேட்பேன்.

இப்போது நீங்கள் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்த விஷயம். தங்கச்சி, உங்கள் வீட்டில் உலக வேலைக்கு ஆகப் பக்கத்தில் நிற்பது நீங்கள்தான். தம்பிக்காக நகையை அடகு வைக்கப் பேசும் வீட்டில் பெண்ணின் நர்சிங் படிப்பைப் பற்றி ஒரே ஒரு வரி இருந்ததைப் படித்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது. மூவர் கூட்டு நிஜமாக நடக்கும் துறை உங்களுடையது. வெளிநாடு போகிறவர்களுக்கான கேரள அரசின் அமைப்பான நோர்க்கா 2021 டிசம்பரில் ஜெர்மனியின் வேலைவாய்ப்பு முகமையோடும் அந்நாட்டு அரசின் ஜி.ஐ.இசட். நிறுவனத்தோடும் டிரிபிள் வின் என்று ஒரு ஒப்பந்தம் போட்டது. நர்சிடம் கட்டணம் வாங்காமல் ஜெர்மன் மொழி சொல்லிக்கொடுத்து, வேலையும் பார்த்துக் கொடுக்கும் ஏற்பாடு அது. செலவை வேலை கொடுப்பவர் பக்கம் ஏற்றிவிட்டார்கள், அதைத்தான் நான் இவ்வளவு நேரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நமக்கும் சென்னையில் ஓ.எம்.சி.எல். என்ற தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் இருக்கிறது. நர்சுகளை வைத்துப் பெரிய முறைகேடு நடந்ததால் 2015-ல் வளைகுடா முதலிய நாடுகளுக்கு அரசு அமைப்புகள் வழியாகத்தான் போக வேண்டும் என்று மத்திய அரசு விதி கொண்டுவந்தபோது, அந்த அமைப்புகளில் ஓ.எம்.சி.எல்.லும் ஒன்று. இன்றைக்கே அவர்கள் தளத்தில் பதிந்துவையுங்கள். நாலாம் வருடம் முடியும்போது ஜெர்மன் மொழித் தேர்வில் பி1 நிலை கையில் இருக்கும்படி இப்போதே மொழியைத் தொடங்குங்கள், அங்கே முழு நர்சாகப் பதிய அதற்கு அடுத்த நிலையான பி2 வேண்டியிருக்கும். படிப்பு முடிந்ததும் இங்கே ஒரு நல்ல மருத்துவமனையில் வார்டில் நின்று வேலை பழகுங்கள்.

கடைசியாக ஒன்று. ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலம், வீட்டில் பணம் வராத நேரம், ஏஜென்ட் ஆட்கள் அப்போதுதான் வீடு வீடாக வருவார்கள், கடன் கொடுக்கும் ஆளையும் அவர்களே கூட்டிவருவார்கள். அதற்கு முன்னாலேயே அப்பா அம்மாவை உட்காரவைத்து இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டுங்கள். கல்லூரி ஒப்பந்த நகல் கிடைத்தால் எனக்கு அனுப்புங்கள், கல்லூரிப் பெயரையும் தம்பி பெயரையும் மறைத்துவிட்டு அனுப்பினால் போதும், படித்துவிட்டு வரிவரியாகச் சொல்கிறேன்.